மிச்சத்துக் கொன்றை

தை பாதி போனதும் தவநாயகி இரண்டு காரியம் செய்வாள். முன் ஜன்னல் திரையைப் பகலில் இழுத்து மூடாமல் விடுவாள். வாசல் மணிக்குப் புது பட்டரி போடுவாள்.

வாசலில் நின்ற மரம் மொட்டு வைத்துவிட்டது என்று அர்த்தம். லண்டன் தெருவில் மற்ற மரங்கள் எல்லாம் எலும்புக்கூடாக நிற்கும் அந்த நேரத்தில், இது ஒன்று மட்டும் சாம்பல் பச்சை இலையோடு கிடந்து, கொப்புக் கொப்பாக மஞ்சள் பொரியை அள்ளிக் கொட்டிக்கொள்ளும். சட்டன் பக்கம் போகிற பஸ்ஸின் மேல்தட்டில் இருப்பவர்கள் கூடத் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். வானம் அழுக்குத் துணிபோல் தொங்கும் நாளில் அந்த மஞ்சள் கண்ணுக்குச் சுள்ளென்று படும்.

ஆண்டு முழுவதும் அந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் யார்? பக்கத்து வீட்டுப் பார்சலை வைத்திருக்க முடியுமா என்று கேட்பவன். மின்சாரக் கம்பனியை மாற்றச் சொல்பவன். யேசு அழைக்கிறார் என்று சொல்ல வரும் இரண்டு கறுப்பினப் பெண்கள். அவர்களைத் தவநாயகி உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்திருக்கிறாள், யேசுவுக்காக அல்ல. சிவராத்திரிக்கு முந்தைய இரண்டு கிழமை, பதினாலு நாள் மட்டும் அந்தக் கதவைத் தமிழில் தட்டுவார்கள்.

“தவமக்கா, நிக்கிறியளோ? கொஞ்சம் கொன்றைப்பூ ஆய வந்தனாங்கள்.”

அந்தக் குரலுக்காகத்தான் பட்டரி.

தவநாயகி லண்டனுக்கு வந்தது தொண்ணூற்றொன்றில், இருபத்தேழு வயதில், குலசிங்கம் என்ற பெற்றோல் நிலையத் தொழிலாளிக்கு மனைவியாக. வந்து இறங்கிய அன்று அவன் சொன்ன முதல் பகிடி, “லண்டனை எல்லாம் வெள்ளைக்காரன் எடுத்திட்டான். எங்களுக்குக் கிடைச்சது மிச்சம்தான்.” மிச்சம் என்று ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறது என்பதை அவள் பஸ்ஸின் நெற்றியில் வாசித்துத்தான் நம்பினாள். பிள்ளை இல்லை. அது யாருடைய குறை என்று ஒரு டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் மிச்சத்திலிருந்து சட்டன் வரை எல்லாரும் சொன்னார்கள், அவளுடைய குறை என்று. இரண்டாயிரத்து ஐந்தில் ஒன்றுவிட்ட தம்பியின் கலியாணத்துக்கு என்று ரொறன்ரோ போன குலசிங்கம் திரும்பி வரவில்லை. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. “நான் இஞ்சையே நிக்கப்போறன். நீ குழம்பாதை.”

அவள் குழம்பவில்லை, விவாகரத்து எடுக்கலாம் என்று நினைத்தாள். குரோய்டனில் ஒரு வழக்கறிஞரைக்கூடப் போய்ப் பார்த்தாள். உறவுக்காரர் கூடிவிட்டார்கள். ஆம்பிளை எண்டால் நாலு இடம் போவான், வருவான். நீ கோட்டுக்குப் போனால் குடும்ப மானம் என்னாகும்? ஓடிப்போனவனிடம் ஒருவரும் மானத்தைப் பற்றிப் பேசவில்லை. மானம் எப்போதும் வீட்டில் மிஞ்சியிருப்பவளிடம்தான் காவலுக்கு ஒப்படைக்கப்படும். அவள் கோட்டுக்குப் போகவில்லை. ஆனால் தாலியைக் கழற்றி உள்ளே வைத்தாள். பொட்டை எடுக்கவில்லை. பொட்டு அவன் தந்ததல்ல; ஐந்து வயதிலிருந்து வைப்பது.

வாடகை கட்ட முடியாமல் பழைய வீட்டை விட்டபோது கவுன்சில் கொடுத்ததுதான் இந்தக் கீழ்த்தட்டு வீடு. ஓர் அறை, ஒரு குசினி, முன்னால் கையகல நிலம். அந்த நிலத்தில் மரம் ஏற்கெனவே நின்றது. யார் நட்டது என்று அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் குளிர்காலத்தில் அது பூத்தபோது, பைத்தியம் பிடித்த மரமோ என்று தவநாயகி பயந்தாள்.

அதற்குப் பெயர் வைத்தவள் சரோஜினி. கோயில் பெண்கள் குழுவின் தலைவி, பென்ஷன் எடுத்த கணக்காளர், வாய் மூடியிருந்தாலும் சத்தமாகத் தெரியும் மனுஷி. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது மரத்தைக் கண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து வந்து, மூச்சு வாங்க வாங்க மணியை அடித்தாள்.

“பிள்ளை, இது கொன்றையெல்லோ?”

தவநாயகிக்குத் தெரியாது. கொன்றையைக் கடைசியாகப் பார்த்தது ஊரில், லண்டனுக்கு வருமுன்பு. அப்போதும் உற்றுப் பார்த்ததில்லை. மஞ்சளாக இருந்தது, கொத்தாக இருந்தது, இலை சீவிச் சீவி இருந்தது.

“இருக்கும் அக்கா,” என்றாள்.

“இருக்குமோ? கொன்றையேதான்! சிவராத்திரிக்குச் சரியாய்ப் பூத்து நிக்குது பார். வெள்ளைக்காரன்ரை நாட்டில சிவனே வந்து நட்டுவிட்டிருக்கிறார்.”

கொன்றை சித்திரை வெயிலில் பூக்கும், சரம் சரமாகத் தொங்கும், ஐந்து இதழ் விரிக்கும். இது மாசிக் குளிரில் பூத்தது, தொங்காமல் நிமிர்ந்து நின்றது, இதழே இல்லாமல் பஞ்சு உருண்டையாக இருந்தது. அந்த வித்தியாசங்களை எல்லாம் பக்தி ஒரே மூச்சில் ஊதித் தள்ளிவிட்டது. கோயில் ஐயர் பூவை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனார், சரோஜினியின் முகத்தைப் பார்த்தார், பேசாமல் தட்டில் வைத்தார். அன்றிலிருந்து அது கொன்றை.

பிறகு ஒவ்வொரு ஆண்டும் வந்தார்கள். முதலில் சரோஜினி தனியாக. அப்புறம் கார் வைத்திருக்கும் பிரமிளாவோடு. பிறகு சட்டனிலிருந்து, நோர்பரியிலிருந்து, பெயர் தெரியாதவர்கள், “கொன்றை அக்கா வீடு இதுவோ?” என்று. தவநாயகி வடை சுட்டு வைப்பாள். கோட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று தின்றுகொண்டு, யாருடைய மகன் வெள்ளைக்காரியைக் கட்டினான், யாருடைய முழங்கால் ஒப்பரேசன் பிழையாய்ப் போனது என்று கதைப்பார்கள். அவளுக்கு அது போதும். ஆண்டின் மற்ற நாட்களில் அவள் கடையில் “ஹலோ”, பஸ்ஸில் “தாங்க்யூ”, வேலை செய்யும் பள்ளிக்கூடக் குசினியில் “நெக்ஸ்ட்” என்று மூன்று சொல்லில் பிழைப்பை ஓட்டினாள். இந்த இரண்டு கிழமைக்குத்தான் அவளிடம் நாக்கு இருந்தது.

உண்மை தெரிந்தது லொரெட்டாவால்.

லொரெட்டா அதே பள்ளிக்கூடக் குசினியில் சமையல் செய்தவள், இத்தாலிக்காரி, ஜெனோவாவுக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர். பூ ஆய வந்தவர்கள் விட்டுப்போன ஒரு கொப்பைத் தவநாயகி ஒருநாள் வேலைக்குக் கொண்டுபோனாள். லொரெட்டா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து “மிமோசா!” என்று கத்தி, அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். தன்னுடைய நாட்டில் மார்ச் எட்டாம் தேதி, பெண்கள் தினத்தன்று, இந்தப் பூவைத்தான் பெண்ணுக்குக் கொடுப்பார்கள் என்றாள். கலியாணம் முடித்தவளா, முடிக்காதவளா, புருஷன் செத்தவளா, விட்டுப்போனவளா என்று கேட்டா கொடுப்பார்கள் என்று தவநாயகி விசாரித்தாள். லொரெட்டாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

அதற்குப் பிறகு பஸ் நிறுத்தம் வரை இருவரும் சேர்ந்து நடக்கும்போதெல்லாம் லொரெட்டா தெருவை அவளுக்குக் காட்டினாள். சுவரோரம் நீலமாகப் பூத்த ரோஸ்மேரி. தேவாலயத்து மூலையில், பழமும் பூவும் ஒரே நேரத்தில் தாங்கி நின்ற ஸ்ட்ரோபெரி மரம். கார்த்திகை மாதத்தில் ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கும் வாசத்தோடு ஒரு சைப்பிரஸ்காரர் வீட்டு லோக்வாட் பழமரம். இலை விடுமுன்னே ரோசாவாகச் சிரிக்கும் பாதாம். தன்னுடைய ஊரில் மத்தியதரைக் கடல் குளிரைக் கரையிலேயே நிறுத்திவிடும், அங்கே குளிர்காலம்தான் பூக்காலம் என்றாள். “இப்போது லண்டனும் சூடாகிக்கொண்டு வருகிறது. இந்த மரங்களுக்கு அது தெரிந்துவிட்டது, அரசாங்கத்துக்குத்தான் தெரியவில்லை,” என்று சிரிப்பாள்.

தவநாயகி வீட்டில் போனில் தேடிப் பார்த்தாள். லொரெட்டா சொன்னது சரி. அவுஸ்திரேலியாவில் பிறந்து, இத்தாலிக் கரையில் ஊன்றி, லண்டனில் வந்து வாழ்க்கைப்பட்ட மரம். குடும்பம் பார்த்தால் வேலமரச் சாதி. ஊரில் அதன் ஒன்றுவிட்ட உறவெல்லாம் முள். இத்தனை வருடமாகச் சிவன் தலையில் கொன்றை என்று ஏறியது வேலம்பூ.

அவள் சரோஜினிக்குப் போன் எடுத்தாள். இரண்டு முறை அடித்தது. மூன்றாவது முறை அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். கொன்றை இல்லையென்றால் பூ வேண்டாம். பூ வேண்டாமென்றால் வாசலில் ஆளில்லை. கணக்கு அவ்வளவு சுலபமானது. பொய் சொல்வதாக அவள் நினைக்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கொரோனாவுக்குப் பிறகு லொரெட்டா வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டாள். தவநாயகி தனியாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு மாசியில், பனி என்று சொல்ல ஒரு நாள்கூடக் கொட்டாத குளிர்காலத்தில், மரம் முன்னெப்போதும் இல்லாதபடி பூத்தது. அவள் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது பிரமிளாவின் அழைப்பு வந்தது.

“தவமக்கா, வேலையிலயோ? ஒருக்கா இருந்து கேளுங்கோ.”

“இருக்க இஞ்சை கதிரை இல்லை. சொல்லு.”

“குலமண்ணை மோசம் போயிட்டார். ரொறன்ரோவில. ஹார்ட்.”

தவநாயகி தண்ணீர்க் குழாயை நிறுத்தினாள். அழுகை வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருடத்துக்கு முன் விமான நிலையத்தில் பூங்கொத்துப் பிடிக்கத் தெரியாமல் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்ற ஓர் இளைஞன் ஞாபகத்தில் வந்தான். அவனுக்காகக் கொஞ்சம் கண் கலங்கியது. மற்றவனுக்கு ஒன்றும் வரவில்லை.

மரண அறிவித்தலைப் பிரமிளா போனுக்கு அனுப்பியிருந்தாள். அன்னார் றோஸ்மலரின் அன்புக் கணவரும், இரண்டு பிள்ளைகளின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும், இன்னாரின் சகலனும். மேலிருந்து கீழே இரண்டு முறை வாசித்தாள். செத்தவனின் நாய்க்கு ஒரு பெயர் இருந்திருந்தால் அதையும் போட்டிருப்பார்கள். தவநாயகி என்ற பெயர் எங்கேயும் இல்லை. செத்த வீட்டை இணையத்தில் காட்டினார்கள். குசினிக்குப் பின்னால் மரக்கறிப் பெட்டிகள் மேல் இருந்து அவள் பார்த்தாள். கொள்ளி வைத்தது றோஸ்மலரின் மகன். நல்ல வடிவான பொடியன்.

அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். முடியவில்லை. பத்தொன்பது ஆண்டு மனைவியாக இல்லாதவளை, அவன் செத்த மறுநாள் சமூகம் மனைவியாக்கிவிட்டது. அறிவித்தலில் பங்கில்லை, சொத்தில் பங்கில்லை, பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவும் பங்கில்லை. துடக்கில் மட்டும் முழுப் பங்கு. சாவு நடந்த வீட்டுக்காரருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை ஒட்டிக்கொள்ளும் அந்தத் தீட்டு, கடல் தாண்டி மிச்சத்தில் ஒரு கீழ்த்தட்டு வீட்டைத் தேடி வந்து கதவைத் தட்டியது. அதற்குப் பிறகு வேறொருவரும் தட்டவில்லை.

இரண்டு கிழமை போனது. திரை திறந்தே கிடந்தது. மரத்தடியில் மஞ்சள் உதிர்ந்து நடைபாதையை மூடியது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் நாயை அதன்மேல் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். கோயில் குழுவின் வாட்ஸ்அப்பில் பிரசாதம் யார் செய்வது, கார் எங்கே விடுவது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. பூவைப் பற்றி மட்டும் பேச்சில்லை. ஒரு சனிக்கிழமை தவநாயகி எழுதினாள்: “இந்த முறை நல்லாப் பூத்திருக்கு.” யாரோ ஒருவர் கும்பிடும் கை ஒன்றைப் போட்டார். அவ்வளவுதான்.

அந்த ஆண்டு சிவராத்திரியும் மார்ச் எட்டும் ஒரே நாளில் வந்தன. வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. கேற் கிறீச்சிட்டது. வருகிறார்கள்! ஒற்றைச் சப்பாத்தோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

“உதில நில், பிள்ளை! வெளியில வராதை!”

சரோஜினி போக்குவரத்துப் பொலிஸ்காரர் போலக் கையை உயர்த்தியிருந்தாள். பின்னால் கத்தரிக்கோலும் பெரிய சேலைக்கடைப் பையுமாகப் பிரமிளா. அவளுக்குப் பின்னால், கலியாணம் முடித்து லண்டன் வந்து ஒரு வருடம் ஆகாத தயாளினி, குளிரில் மூக்கு சிவந்து.

“குறை நினையாதை தவம். ஐயரைக் கேட்டனாங்கள். மரத்துக்குத் துடக்கில்லையாம். அது நிலத்தில நிக்கிறதெல்லோ. உனக்குத்தானாம். நீ பேசாமல் உள்ளுக்கை இரு, நாங்களே ஆய்ஞ்சு கொண்டு போறம்.”

“கதவையும் ஒருக்காச் சாத்திவிடுங்கோ அக்கா,” என்றாள் பிரமிளா, மெதுவாக. “கோவியாதேங்கோ.”

“சரோ அக்கா, ஆர் செத்தது?”

“என்னடி கேள்வி? உன்ரை மனுசன்.”

“என்ரை மனுசனோ? அறிவித்தலில றோஸ்மலற்றை மனுசன் எண்டெல்லோ போட்டுக் கிடந்தது. இரண்டு முறை வாசிச்சனான்.”

“பேர் போட்டாலென்ன, போடாட்டியென்ன? தாலி கட்டினவனெல்லோ!”

“தாலி கட்டினவன் பத்தொன்பது வரியமாய் ஒரு போன் எடுக்கேல்லை. துடக்கு மட்டும் பிளேன் ஏறி வந்திட்டுதோ? விசா ஆர் குடுத்தது?”

தயாளினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டாள்.

“விசர்க்கதை கதையாதை,” என்றாள் சரோஜினி. அவள் கெட்டவள் அல்ல. தவநாயகி நிமோனியாவில் படுத்தபோது ரசம் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். “நானே போட்ட சட்டமோ? இன்னும் கொஞ்ச நாள். அந்தியேட்டி முடியட்டும், பழையபடி வந்து வடை தின்னுறம். இப்ப கதவைச் சாத்து. நேரம் போகுது.”

தவநாயகி கதவைச் சாத்தினாள்.

உள்நடையிலேயே சுவரில் சாய்ந்து நின்றாள். வெளியே கத்தரிக்கோல் கிளிக் கிளிக் என்றது. “அந்தக் கொப்பு, அந்தக் கொப்பு, உச்சியில பார்.” “ஐயோ மாமி, கண்ணுக்குள்ள கொட்டுது.” “வளைச்சுப் பிடி தயா, வெட்கப்படாதை, அது உன்ரை மாமியார் இல்லை.” சிரிப்பு. வருடா வருடம் அவளும் நடுவில் நின்று சிரித்த அதே சிரிப்பு, இப்போது இரண்டு அங்குல மரப்பலகைக்கு அப்பால்.

பொறுத்துக்கொள்ளலாம். அவளுக்குத் தெரியும். இதைவிடப் பெரியதையெல்லாம் பொறுத்தவள். கால் மணி நேரம் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டால் அடுத்த வருடம் வருவார்கள், அதற்கடுத்த வருடமும். வடை, முழங்கால், வெள்ளைக்காரி மருமகள் எல்லாம் திரும்பக் கிடைக்கும். விலை ஒன்றும் பெரிதில்லை, ஒரு சாத்திய கதவு. பிறகு துடக்குக் கழிந்தாலும் வேறொரு சொல் வரும், அதற்கும் ஒரு கதவு சாத்த வேண்டியிருக்கும். பூ எடுக்க வருவார்கள். பூ வைத்திருப்பவளைப் பார்க்காமல் எடுக்கப் பழகிக்கொள்வார்கள். மரத்துக்கு இருக்கும் சுத்தம் அவளுக்கு இல்லை.

ஒற்றைச் சப்பாத்தோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். நேராக மரத்தடிக்கு.

“ஐயோ அக்கா!” பிரமிளா பையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினாள்.

“அது கொன்றையில்லை,” என்றாள் தவநாயகி.

“என்ன?”

“இந்த மரம். கொன்றையில்லை. மிமோசா. வேலமரச் சாதி. ஊரில ஆட்டுக்கு வெட்டிப் போடுற வேல் இருக்கெல்லோ, அதின்ரை சொந்தம்.”

சரோஜினி மரத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக உற்றுப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். “உனக்கு ஆர் சொன்னது?”

“கூட வேலை செய்த ஒருத்தி. எனக்கு எத்தினையோ வரியமாய்த் தெரியும்.”

“எத்தினையோ வரியமாயோ? தெரிஞ்சுகொண்டே எங்களைப் பேய்க்காட்டினனியோ? சிவன்ரை தலையில வேலம்பூவை வைக்கவிட்டுப் பார்த்துக்கொண்டு நிண்டனியோ?”

“ஓம்.”

“ஏன்?”

“சொன்னால் நீங்கள் வரமாட்டியளெண்டு.”

தெருவில் ஒரு பஸ் போனது. சரோஜினி கொப்பிலிருந்து ஓர் உருண்டையைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனாள்.

சமாதானம் செய்யப் பிறந்தவள் பிரமிளா. “சரி, விடுங்கோ மாமி. கொன்றையெண்டு நினைச்சுப் போட்டால் அது கொன்றைதானே. கடவுளுக்கு நினைப்புத்தான் முக்கியம். இத்தினை வரியமாய் அவர் ஏற்றுக்கொள்ளேல்லையோ?”

“ஓம், அதுவும் சரிதான்,” என்றாள் சரோஜினி, விட்ட மூச்சைப் பிடித்துக்கொண்டு. “நினைப்புத்தான்.”

“அப்ப,” என்றாள் தவநாயகி, “எனக்கும் துடக்கில்லையெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.”

குனிந்து, பூ நிறைந்த பையைப் பிடியில் பிடித்துத் தூக்கினாள். அவர்களை நோக்கி நீட்டினாள்.

“இந்தாங்கோ. என்ரை கையால. நீங்கள் வேலம்பூவைக் கொன்றையாக்கினனீங்கள். ஒரு மனுசியை மனுசியாக்க ஏலாதோ?”

பை கனமானது. மஞ்சள் தூள் அவளுடைய வேலைச் சட்டையில் உதிர்ந்தது. சரோஜினி ஐயரை நினைத்தாளோ, ஊர் வாயை நினைத்தாளோ, பையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு கணம் அவள் கை வரும்போலக்கூட இருந்தது. வரவில்லை. வந்தது தயாளினியின் கை.

“குடுங்கோ அன்ரி.”

“தயா!” என்றாள் சரோஜினி.

ஒரே ஒரு சொல். அந்தக் கை பாதி வழியில் நின்று, கோட்டுப் பைக்குள் திரும்பிப் போனது.

அவர்கள் போய்விட்டார்கள். கார் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. தவநாயகி பையைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே கொண்டுபோய் வாளியிலும், சோற்றுப் பானையிலும், தேத்தண்ணீர்க் கோப்பைகளிலும் தண்ணீர் விட்டு எல்லாக் கொப்பையும் வைத்தாள். ஒற்றை அறை மஞ்சளால் நிறைந்து தேன் வாசம் அடித்தது. இப்படி ஒரு வடிவான அறை மிச்சத்தில் அன்று வேறெங்கும் இருந்திருக்காது. பார்க்க ஒருவரும் இல்லை. ஹீற்றரின் சூட்டில் ஞாயிறுக்குள் உருண்டைகள் சுருங்கி மிளகுபோல் ஆகிவிட்டன.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை ஒருவரும் நீக்கவில்லை. அவளோடு ஒருவரும் பேசவும் இல்லை. சரோஜினியைத் தமிழ்க் கடையில் ஒருமுறை கண்டாள். “சுகமோ?” “சுகம்.” கத்தரிக்காயைத் தெரிந்தெடுப்பதில் இருவரும் மும்முரமானார்கள்.

அடுத்த ஆண்டு மரம் அவளைக் கேளாமலே மறுபடியும் பூத்தது. சிவராத்திரிக்கு முந்திய ஞாயிறு, தவநாயகி சட்டனில் கண்ணாடி மாற்றப் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸின் மேல்தட்டு. ஒரு திருப்பத்தில், பெரிய வீடுகள் உள்ள தெருவில், ஒரு வேலிக்கு மேலால் மஞ்சள் தெரிந்தது. மிமோசா. அதன் கீழே சேலைக்கு மேல் கோட்டுப் போட்ட ஏழெட்டுப் பெண்கள். சரோஜினி கையை நீட்டிக் கட்டளை இட்டுக்கொண்டிருந்தாள். பிரமிளா ஏணியில். வீட்டுக்கார வெள்ளைக்காரர் செருப்போடு வாசலில் நின்று, தன் மரத்துக்கு என்ன நடக்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை. ஆனால் சரோஜினியின் வாயசைவில் அந்தச் சொல்லைத் தவநாயகி தெளிவாக வாசித்தாள். கொன்றை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஏழெட்டுப் பேரில் ஒரு பெண் வடை தின்றுகொண்டிருந்தாள். யாரோ வீட்டில் சுட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். அன்று கதவுக்குப் பின்னால் நின்றிருந்தால் இன்று இவர்கள் என் வாசலில் நின்றிருப்பார்கள் என்று நினைத்தாள். அது உண்மை. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருப்பேன் என்றும் நினைத்தாள். அதுவும் உண்மை. ஒன்றுக்காக மற்றதைத் திருப்பிக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் வலி குறைந்தது என்று சொல்வதற்கில்லை.

பஸ் சிவப்பு விளக்கில் நின்றது. கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்ற தயாளினி தலையை நிமிர்த்தினாள். பஸ்ஸின் கண்ணாடியைப் பார்த்தாள் போலிருந்தது. கையை உயர்த்தினாள். தன்னைக் கண்டுதான் உயர்த்தினாளா, தலைக்கு மேல் தொங்கிய கொப்பைப் பிடிக்க உயர்த்தினாளா என்று தவநாயகிக்குத் தெரியவில்லை.

அவளும் கையை உயர்த்தினாள். விளக்கு மாறி, பஸ் அதற்குள் மூலையைத் திரும்பிவிட்டிருந்தது.